ஜப்பானில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள்: உழைத்தும் ஏன் வறுமை, என்ன உதவி செய்யலாம்?

கேட்கப்பட்ட கேள்வி: "ஜப்பான் பணக்கார நாடு. அங்கே தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா? அரசாங்கம் ஒன்றும் செய்யாதா? நம்மைப் போன்றவர்கள் ஏதாவது உதவ முடியுமா?"

உண்மைதான். நான் டோக்கியோவின் கிழக்கு ஓரம், எதோகாவா வார்டில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். நிஷி காசாய் என்று சொன்னால் ஜப்பானில் இருக்கும் தமிழர்களுக்கு இடம் புரிந்துவிடும். மாதத்தில் இரண்டு புதன்கிழமை, பக்கத்தில் நடக்கும் ஒரு 'கொதோமோ ஷொகுதோ'வுக்குக் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் போகிறேன். கொதோமோ ஷொகுதோ என்றால் பிள்ளைகளுக்கான சாப்பாட்டுக்கூடம். அக்கம்பக்கத்தினர் சேர்ந்து நடத்துவது. எங்கள் கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவர்களுக்கு 300 யென். அங்கே பார்த்ததையும் இத்தனை வருடத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 2022-ல் சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகம் எடுத்த வாழ்நிலை ஆய்வின்படி, ஒரே ஒரு பெரியவர் பிள்ளைகளோடு இருக்கும் வீடுகளில் வாழ்பவர்களில் 44.5 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். அதற்கு மூன்று வருடம் முந்தைய கணக்கில் அது 48 சதவீதத்துக்கும் மேல். நாட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் 11.5 சதவீதம்தான். வறுமைக்கோடு என்பது நாட்டின் நடுமட்ட வருமானத்தில் பாதி. ஒரு அம்மா, ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்தக் கோடு, வரி, காப்பீடு எல்லாம் போகக் கையில் நிற்கும் தொகையில் வருடத்துக்குச் சுமார் 18 லட்சம் யென். அதற்கும் கீழே இருப்பவர்களைத்தான் ஏழைகள் என்று எண்ணுகிறார்கள்.

இந்த வறுமை தெருவில் தெரியாது. பிள்ளை சுத்தமான சட்டை போட்டிருக்கும், கையில் கைபேசிகூட இருக்கும். வீட்டுக்குள்ளே அம்மா இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு "வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பள்ளியில் கொடுக்கும் மதியச் சாப்பாடுதான் அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஒழுங்கான உணவு. ஜூலைக் கடைசியில் கோடை விடுமுறை விட்டால் அது நின்றுவிடும். எங்கள் கூடத்தில் ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு அரிசி வைப்போம்.

"வேலைக்குப் போனால் சரியாகிவிடாதா?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அரசே 2021-ல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பைப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. அப்போது அம்மா மட்டும் இருக்கும் குடும்பங்கள் சுமார் 12 லட்சம், அப்பா மட்டும் இருக்கும் குடும்பங்கள் ஒன்றரை லட்சம். அந்த அம்மாக்களில் 86.3 சதவீதம் பேர் வேலை பார்க்கிறார்கள். பணக்கார நாடுகளில் இது மிக அதிகம். இருந்தும் வேலையில் அவர்கள் சம்பாதித்தது சராசரியாக வருடத்துக்கு 23.6 லட்சம் யென். உதவித்தொகை முதலான எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவர்களுடைய சொந்த வருமானம் 27.2 லட்சம்தான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கு அதே கணக்கில் 51.8 லட்சம். ஒரே சுமை, ஒரே நாடு, வருமானம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வங்கியில் 5 லட்சம் யென்கூட இல்லாத அம்மாக்கள் பத்துக்கு நான்கு பேர்.

ஏன் இப்படி? வேலை பார்க்கும் அம்மாக்களில் பாதிக்கும் கொஞ்சம் குறைவானவர்கள்தான் நிரந்தர ஊழியர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும் 'பாத்தோ' வேலையில் இருக்கிறார்கள். சூப்பர்மார்க்கெட் கல்லா, பெட்டிச்சாப்பாட்டுத் தொழிற்சாலை, முதியோர் இல்லம், ஹோட்டல் அறை சுத்தம் செய்வது. நிரந்தர வேலையில் இருக்கும் அம்மாவுக்கு வேலையிலிருந்து சராசரி 34.4 லட்சம் யென் கிடைக்கிறது, பாத்தோ வேலையில் 15 லட்சம். இந்தப் பாத்தோ சம்பளம் யாரை நினைத்து உருவானது என்று பாருங்கள். கணவன் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருப்பார், மனைவி வீட்டைக் கவனித்தபடி கைச்செலவுக்குக் கொஞ்சம் சம்பாதிப்பாள் என்ற கணக்கில் உருவானது அது. மனைவியின் வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் வரிச்சலுகை போய்விடும் என்பதால் 10.3 லட்சம் யென்னுக்குள், அதாவது 103 பத்தாயிரத்துக்குள், நிற்கும்படி வேலை பார்ப்பது பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது. '103 சுவர்' என்றே அதற்குப் பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் கணவன் சம்பளம் இருக்கும் பெண்ணுக்கு அது ஒரு வசதி. அதே கல்லாவில், அதே கூலிக்கு நின்று முழுக் குடும்பத்தையும் நடத்த வேண்டியவளுக்கு?

1985-ஆம் ஆண்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஆண் பெண் சமவேலைவாய்ப்புச் சட்டம் அந்த வருடம்தான் வந்தது. அதே வருடம் ஆட்களைத் தற்காலிகமாக அனுப்பிவைக்கும் நிறுவனங்களை அனுமதிக்கும் சட்டமும் வந்தது. சம்பளக்காரரின் மனைவி தனியாகச் சந்தா கட்டாமலேயே ஓய்வூதியம் பெறும் ஏற்பாடும் அந்த வருடத் திருத்தத்தில்தான் வந்தது. அதே வருடம்தான் தனித்தாய்களின் உதவித்தொகையையும் இரண்டு அடுக்காக்கி, வருமானம் கொஞ்சம் கூடினாலும் தொகை குறையும்படி செய்தார்கள். மேலே ஏற ஒரு கதவு, கீழே போக ஒரு கதவு, வீட்டிலேயே இருப்பவளுக்கு ஒரு சன்மானம். இந்த மூன்றுக்கும் இடையில் மாட்டிக்கொண்டவள் விவாகரத்தான அம்மா. கல்யாணத்தின்போதோ முதல் பிரசவத்தின்போதோ நிரந்தர வேலையை விட்டிருப்பாள். முப்பத்தைந்து வயதில் திரும்பி வரும்போது அந்த இடம் அவளுக்கு இல்லை.

கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வதும் லேசு இல்லை. இங்கே பாலர் பள்ளியில் பிள்ளையின் உடம்புச் சூடு 37.5 டிகிரி ஆனால் அம்மாவுக்குப் போன் வந்துவிடும், வந்து அழைத்துப் போங்கள் என்று. 37.4 என்றால் இருக்கலாம். இந்த ஒரு புள்ளிக் கணக்கை இங்கே எல்லா அம்மாக்களும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். எங்கள் கூடத்துக்கு வரும் ஒருவர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். ஒரு குளிர்காலத்தில் மூன்று வாரத்தில் ஐந்து முறை அவருக்குப் போன் வந்தது. ஐந்தாவது முறை அவர் மேலாளர் ஒன்றும் சொல்லவில்லையாம், அடுத்த மாத வேலைப் பட்டியலில் அவருக்கு வாரம் நான்கு நாளாக இருந்ததை இரண்டு நாளாக்கிவிட்டார். "கோபித்துக்கொண்டிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டிருப்பேன்" என்றார். கணவன், மாமியார், அம்மா என்று பக்கத்தில் யாராவது இருந்தால் சமாளித்துவிடலாம். தனியாக இருப்பவளுக்குப் பிள்ளையின் சளிக்காய்ச்சல் நேரடியாகச் சம்பளத்தில் விழும்.

அப்பா என்ன ஆனார் என்பது நியாயமான கேள்வி. தனித்தாய்க் குடும்பங்களில் ஐந்தில் நான்கு விவாகரத்தால் உண்டானவை. கணவர் இறந்து தனியானவர்கள் இன்று இருபதில் ஒருவர்தான். கல்யாணம் ஆகாமலே தாயானவர்கள் அவர்களைவிட அதிகம், பத்தில் ஒருவர். ஜப்பானில் விவாகரத்து மிகச் சுலபம். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது விவாகரத்துகள் கோர்ட் வாசலையே மிதிப்பதில்லை. பச்சை மையில் அச்சடித்த ஒரு தாள், அதில் கணவன் மனைவி கையெழுத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்து. நகராட்சி அலுவலகத்தில் நள்ளிரவில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை யாரிடம் என்று எழுதாமல் அந்தத் தாளைப் பொதுவாகக் கொடுக்க முடியாது. பிள்ளைச் செலவுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யாமல் கொடுக்கலாம். 2012 முதல், பேசி முடிவு செய்துவிட்டீர்களா என்று டிக் போட ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். டிக் போடாவிட்டாலும் விவாகரத்து செல்லும்.

விளைவு எதிர்பார்த்ததுதான். 2021 கணக்கெடுப்பில் பிள்ளைச் செலவு பற்றி ஒப்பந்தம் செய்திருந்த அம்மாக்கள் 46.7 சதவீதம். அந்தச் சமயத்தில் உண்மையாகவே பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 28.1 சதவீதம். ஒருமுறைகூட வாங்காதவர்கள் 56.9 சதவீதம். ஏன் ஒப்பந்தம் செய்யவில்லை என்று கேட்டதற்கு அதிகம் பேர் சொன்ன பதில், "அந்த ஆளோடு இனி எந்தத் தொடர்பும் வேண்டாம்." இதைப் படித்துவிட்டு இவர்களுக்கு ரோஷம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அடி உதைக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். மாதம் 30,000 யென் வாங்குவதற்காகப் புது விலாசத்தை அவனுக்குக் காட்ட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

இதில் சட்டம் இப்போது மாறியிருக்கிறது. விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைமேல் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒருவருக்கு மட்டுமே உரிமை என்றிருந்த விதியைத் திருத்தி, இருவரும் சேர்ந்து உரிமை வைத்துக்கொள்ளலாம் என்று 2024 மே மாதம் சட்டம் நிறைவேறியது. நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. கூட்டுரிமையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அதில் பயம் இருப்பது நியாயம். அப்படி ஆபத்து இருந்தால் நீதிமன்றம் ஒருவருக்கே உரிமை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் மூடிய வீட்டுக்குள் நடந்ததை நிரூபிக்கும் பாரம் அவள்மேல்தான் விழும். எனக்கு முக்கியமாகப் படுவது அதே திருத்தத்தில் சத்தமில்லாமல் வந்த இன்னொரு விஷயம். ஒப்பந்தமே செய்யாமல் பிரிந்தாலும், ஒரு பிள்ளைக்கு மாதம் 20,000 யென் கொடுக்கக் கடமை உண்டு என்று வைத்திருக்கிறார்கள். பேசி முடிவு செய்யும்வரைக்கான இடைக்கால ஏற்பாடு அது. ஒப்பந்தம் இருந்தால், ஒரு பிள்ளைக்கு மாதம் 80,000 யென் வரை மற்ற கடன்காரர்களுக்கு முன்னால் அப்பாவின் சம்பளத்திலிருந்து பிடிக்கவும் வழி வந்திருக்கிறது. தொகை போதாது. அந்த இடைக்காலத் தொகை சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பிரிந்தவர்களுக்கு மட்டும்தான். இருந்தாலும் "கேட்டால் கொடுப்பார்" என்பதிலிருந்து "கொடுத்தே ஆக வேண்டும்" என்ற இடத்துக்கு வந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சரி, அரசாங்கம் ஒன்றும் செய்யாதா? செய்கிறது. 'ஜிதோ ஃபுயோ தெஆதே' என்ற பிள்ளை வளர்ப்பு உதவித்தொகைச் சட்டம் 1961-ல் வந்தது. விதவைகளுக்கு ஓய்வூதியம் வந்தபோது, கணவனைப் பிரிந்த பெண்களை விட்டுவிட்டார்கள் என்ற குறை எழுந்தது, அதற்காகக் கொண்டுவந்தது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்து வரும் மார்ச் வரை கிடைக்கும். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த முழுத்தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 46,690 யென், அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் சொச்சம். டோக்கியோவில் இரண்டு அறை வீட்டு வாடகையே இதைத் தாண்டிவிடும். ஒரு பிள்ளை இருக்கும் அம்மாவின் வருடச் சம்பளம் 19 லட்சம் யென்னுக்குள் இருந்தால்தான் முழுத்தொகை. அதற்கு மேல் போகப் போகக் குறைந்து 38.5 லட்சத்தில் நின்றுவிடும். இந்த வரம்புகூட 2024 நவம்பரில்தான் உயர்ந்தது, அதுவரை முழுத்தொகைக்கு 16 லட்சம் என்றிருந்தது. கூடுதலாக ஒரு வேலை நாள் எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும்போது ஒரு அம்மா கையில் கால்குலேட்டர் வைத்துக்கொண்டிருப்பார், நான் பார்த்திருக்கிறேன். முன்னாள் கணவர் பணம் கொடுத்தால் அதில் 80 சதவீதத்தையும் வருமானமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் தான் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன் என்று நகராட்சி அலுவலகத்தில் காகிதம் கொடுக்க வேண்டும். யாராவது ஆணோடு குடும்பமாக வாழ்ந்தால் உதவித்தொகை நிற்கும் என்பது விதி. விதி ஒரு பக்கம். அதைக் கேட்கும் விதம் இன்னொரு பக்கம். எங்கள் கூடத்துக்கு வரும் ஒருவரிடம், எந்த ஊர் அலுவலகம் என்று வேண்டாம், கவுண்டரில் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது "இப்போது யாரோடாவது பழக்கம் உண்டா? வீட்டுக்கு வந்து தங்குவாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அதைச் சொல்லும்போது கோபப்படவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்தி, நடந்ததை மட்டும் சொன்னார்.

இதைவிடக் கடைசிப் புகலிடம் 'செய்காத்ஸு ஹோகோ' என்னும் வாழ்வாதாரப் பாதுகாப்பு. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உறுதி சொல்லும் உரிமை அது. அதற்குத் தகுதியான தனித்தாய்களில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பித்தால் பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்கு "நீங்கள் இவரைத் தாங்க முடியாதா?" என்று கடிதம் போகலாம். கார் வைத்திருக்கப் பொதுவாக அனுமதி இல்லை. பஸ் வராத கிராமத்தில் கார் இல்லாமல் பாலர் பள்ளிக்கும் வேலைக்கும் எப்படிப் போவது? 1987 ஜனவரியில் சப்போரோவில், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் தன் வீட்டிலேயே பட்டினியால் இறந்துபோனார். உதவி கேட்டு அலுவலகம் போயிருந்தார். விண்ணப்பத்தை வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கரையில் இறங்கவிடாமலே எதிரியை விரட்டும் போர்முறையின் பெயரால், இப்படி வாசலிலேயே திருப்பி அனுப்புவதை 'மிஸுகிவா சகுசென்' என்று இங்கே சொல்வார்கள். குடிமக்களை நோக்கி அப்படி ஒரு சொல் புழக்கத்துக்கு வந்ததே எனக்குத் தாங்காது.

சட்டத்தைவிட ஆழமாக ஓடுவது கூச்சம். ஜப்பானியப் பிள்ளைகள் பேச ஆரம்பிக்கும்போதே கற்றுக்கொள்ளும் பாடம், பிறருக்கு 'மெய்வாகு' கொடுக்காதே, அதாவது தொந்தரவாக இருக்காதே என்பது. நல்ல பாடம்தான். ரயிலில் யாரும் சத்தம் போடாமல் இருப்பது அதனால்தான். கஷ்டத்தில் இருக்கும் பெண்ணுக்கு அதுவே பூட்டாகிவிடும். "நானேதானே விவாகரத்து செய்துகொண்டேன்" என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வாள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "தைஜோபு" என்பாள், பரவாயில்லை என்று அர்த்தம். இந்தப் பதினான்கு வருடத்தில் நான் கேட்ட தைஜோபுகளில் பாதி பொய்.

இப்போது உதவிக்கு வருகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: வாய் திறந்து கேட்காமலே, தலை குனியாமலே கிடைக்கும்படி உதவியை அமைக்க வேண்டும். நன்றாக நடப்பவை எல்லாம் அப்படி அமைந்தவைதான்.

கொதோமோ ஷொகுதோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் டோக்கியோவின் ஓதா வார்டில் கோந்தோ ஹிரோகோ என்ற காய்கறிக் கடைக்கார அம்மா தொடங்கியது. பள்ளிச் சாப்பாடு தவிர வெறும் வாழைப்பழத்தைச் சாப்பிட்டு நாளை ஓட்டும் ஒரு பிள்ளையைப் பற்றி அந்தப் பகுதிப் பள்ளியிலிருந்து கேள்விப்பட்டதுதான் தொடக்கம். இன்று நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, பெரும்பாலும் ஊர்க்காரர்கள் தாங்களாக நடத்துபவை. இதன் அழகு என்னவென்றால் 'ஏழைப் பிள்ளைகளுக்கு' என்று எங்கும் எழுதியிருக்காது. யார் வேண்டுமானாலும் வரலாம். தாத்தா வருவார், டாக்டர் வீட்டுப் பிள்ளை வரும், அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே பசியோடு வந்த பிள்ளையும் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிடும்.

எங்கள் கூடத்தில் அடுப்படிப் பொறுப்பில் இருப்பவர் எழுபது தாண்டிய ஒரு பாட்டி. ஒருநாள் சூப்பர்மார்க்கெட் சீருடைமேல் கோட்டை மூடிப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா இரண்டு பையன்களோடு வந்தார். பையன்கள் கறிச்சோறு இரண்டாம் முறை வாங்கினார்கள். அவர் தனக்குக் கால் தட்டு மட்டும் வைத்துக்கொண்டார். மிச்சம் கட்டித் தரட்டுமா என்று நான் கேட்டேன். "தைஜோபு, தைஜோபு" என்று இரண்டு கையையும் ஆட்டினார். பாட்டி என்னைத் தள்ளிவிட்டுப் போய், "அம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணுங்கள். இன்றைக்குக் கணக்குத் தப்பி அதிகமாக வடித்துவிட்டேன். நீங்கள் எடுத்துப் போகாவிட்டால் குப்பையில்தான் போகும், எனக்கு வயிறு எரியும்" என்றார். அந்த அம்மா நான்கு டப்பா வாங்கிக்கொண்டு போனார். கணக்கு ஒன்றும் தப்பவில்லை, எனக்குத் தெரியும். அரிசியை அளந்து போட்டதே நான்தான். உதவி கொடுப்பதை உதவி கேட்பதாக மாற்றிச் சொல்ல அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

டோக்கியோவின் புங்கியோ வார்டு 2017-ல் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு வீடு தேடி உணவுப்பெட்டி அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. 'லைன்' என்ற குறுஞ்செய்திச் செயலி வழியாக விண்ணப்பிக்கலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். சாதாரணக் கூரியர் பெட்டி போலத்தான் வரும், பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. செலவுக்குப் பணம் 'ஃபுருசாத்தோ' வரி நன்கொடை வழியாகத் திரட்டுகிறார்கள். நாம் கட்டும் வரியில் ஒரு பகுதியை விருப்பப்பட்ட ஊருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. ஜப்பானில் வேலை பார்த்து வரி கட்டும் தமிழர்கள் பலர் இதில் மாட்டிறைச்சி, பழப்பெட்டி என்று பதில் பரிசு வாங்கிக்கொள்கிறார்கள். பரிசு வேண்டாம் என்று இப்படிப்பட்ட திட்டத்துக்கு அனுப்பலாம், கைக்காசு அதிகம் போகாது.

நகராட்சி மனது வைத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஹியோகோ மாகாணத்தின் ஆகாஷி நகரம். இஸுமி ஃபுசாஹோ மேயராக இருந்த காலத்தில், 2020-ல், அப்பா கட்டாமல் விட்ட பிள்ளைச் செலவை நகராட்சியே முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, அவரிடம் தானே வசூலிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். முன்னாள் கணவனுக்குப் போன் போட்டுக் கெஞ்சும் வேலை அம்மாவுக்கு மிச்சம். அதே ஊரில் ஒரு வயது ஆகாத குழந்தை உள்ள எல்லா வீட்டுக்கும் மாதாமாதம் இலவச டயாப்பர் வரும். கொண்டு வருபவர் பிள்ளை வளர்த்து அனுபவப்பட்ட ஒருவர். டயாப்பரைக் கொடுத்துவிட்டு வாசலில் இரண்டு வார்த்தை பேசுவார், அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். பணக்கார வீட்டுக்கும் போவதால் யாருக்கும் கூச்சம் இல்லை. மற்ற ஊர்களும் இதைப் பார்த்துச் செய்யலாம். கஷ்டமான தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் சேவையை 'ஃப்ளோரன்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் டோக்கியோவில் நடத்துகிறது. தனித்தாய்களுக்குக் கட்டணம் குறைவு, அந்தக் குறையை நன்கொடை ஈடுகட்டுகிறது. மாதம் ஆயிரம் யென் கொடுப்பதாக இருந்தால் இப்படிப்பட்ட இடத்துக்குக் கொடுங்கள் என்பேன், காரணம் அது ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றுகிறது. தனித்தாய்களே ஒன்று சேர்ந்து நடத்தும் 'சிங்குள் மதர்ஸ் ஃபோரம்' அமைப்பும் இருக்கிறது. உதவித்தொகையை வெட்டாதே என்று குரல் கொடுத்த பெண்களின் இயக்கத்திலிருந்து வளர்ந்தது. உணவு அனுப்புவதோடு சட்ட ஆலோசனையும் சொல்கிறார்கள், அரசிடம் வாதாடவும் செய்கிறார்கள். பழைய துணி மூட்டை அனுப்புவதைவிடப் பணம் மேல். அரிசி நல்லது. மாதவிடாய் நாப்கின், பள்ளி உள்ளறைச் செருப்பு போன்றவை யாரும் நினைக்காதவை, உடனே தீர்ந்துபோகும்.

நிறுவனத்தில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: பிள்ளை நோய்க்கு விடுப்பு எடுப்பவரை வேலைப் பட்டியலிலிருந்து ஓசையின்றிக் கழிக்காதீர்கள். அவருக்கு நிரந்தர ஒப்பந்தம் கொடுங்கள். மேலே சொன்ன 15 லட்சத்துக்கும் 34 லட்சத்துக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு கையெழுத்துதான். படித்து முன்னேற விரும்பும் அம்மாவுக்கு அரசுத் திட்டம் ஒன்று உண்டு. நர்ஸ், பாலர் பள்ளி ஆசிரியை போன்ற தகுதிக்குப் படிக்கும் காலத்தில், உள்ளூர் வரி விலக்குள்ள வீட்டுக்கு மாதம் ஒரு லட்சம் யென், கடைசி வருடத்தில் மாதம் கூடுதலாக 40,000. வருமானத்தை உண்மையாகவே உயர்த்தும் திட்டம் இது. தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

நண்பராக, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் தைஜோபுதான் வரும். "சனிக்கிழமை நாங்கள் பூங்காவுக்குப் போகிறோம், உங்கள் பையனையும் அழைத்துப் போகிறோம், நாலு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறோம்" என்று நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் தூங்கினாலே போதும். ஏன் விவாகரத்து என்று கேட்க வேண்டாம். மறுமணம் பற்றி யோசனை சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது கூடப் போவது. நகராட்சி கவுண்டருக்கு ஒருத்தியாகப் போகும்போது கிடைக்கும் பதில் வேறு, பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் பதில் வேறு. நான் இதுவரை ஆறு முறை போயிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "விண்ணப்பத்தாள் கொடுங்கள், பூர்த்தி செய்கிறோம்" என்பதை மட்டும் அமைதியாகத் திரும்பச் சொன்னேன்.

இதைப் படிப்பவர்களில் ஜப்பானில் இருக்கும் தமிழ்ப் பெண் யாராவது இந்த நிலையில் இருந்தால் ஒரு விஷயம். பிள்ளை வளர்ப்பு உதவித்தொகைக்கு 1982 முதல் குடியுரிமை நிபந்தனை இல்லை. முறையாக விலாசம் பதிந்து இங்கே வாழ்ந்தால் இந்தியர், இலங்கையர் யாரும் விண்ணப்பிக்கலாம். கணவரோடு சேர்ந்த விசாவில் வந்தவர்கள், பிரிவதற்கு முன்னாலேயே விசா நிலை பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். அடி வாங்கிக்கொண்டு விசாவுக்காகப் பொறுத்திருக்க வேண்டியதில்லை, வழிகள் இருக்கின்றன. ஜப்பானியக் குடியுரிமை உள்ள பிள்ளையை நீங்கள் வளர்க்கிறீர்கள் என்றால் நீண்டகால வசிப்பு விசாவுக்கு மாற 1996 முதல் வழி இருக்கிறது. பிறந்த சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் மூன்றையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கவுண்டருக்குக் கூட வர ஆள் வேண்டுமென்றால் கேளுங்கள். சாப்பாட்டுக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில் நான் வருவேன்.